அரளி தின்று வளரும் பருந்துப்பூச்சி

ஆடு மேயாத செடி அரளி. மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். திருச்சியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் மதுரைக்கு வரும் நான்குவழிச் சாலைகளின் மையத் தடுப்பில் அரளி வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, கால்நடை வாய் வைக்காது. இலை, பட்டை, வேர், பூ என்று செடி முழுவதும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. அப்படிப்பட்ட செடியின் ஒரு கிளை மட்டும் நுனியிலிருந்து மொட்டையாகி, அடியில் மண்மேல் மிளகு பருமனுக்குக் கரும்பச்சை எச்சம் சிதறிக் கிடந்தால், மேலே எங்கோ ஒரு புழு இருக்கிறது என்று பொருள். விரல் நீளம், விரல் பருமன், இலையின் அதே பச்சை. கண்ணுக்கு நேராக இருந்தாலும் எளிதில் புலப்படாது.

அந்தப் புழு வளர்ந்து ஆவதுதான் அரளிப் பருந்து அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரீ. ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டத் தொடங்கியபோதே பெயர் பெற்றுவிட்ட பூச்சிகளில் இதுவும் ஒன்று. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1,450 இனங்கள் கொண்ட பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் இந்திய இனங்களை டி.ஆர். பெல், எஃப்.பி. ஸ்காட் இருவரும் தொகுத்து எழுதிய நூல் 1937இல் வெளிவந்தது. கர்நாடகக் கடலோரத்துக் கார்வார் பகுதியில் வன அதிகாரியாக இருந்த பெல், புழுக்களைத் தேடிப் பிடித்து வளர்த்துப் பார்த்து எழுதியவர். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும், எப்படிக் கூட்டுப்புழுவாகும் என்று இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு அந்தப் பொறுமையான வேலையிலிருந்து வந்தது.

இரவுப்பூச்சி என்றாலே சாம்பல் நிறத்தில் தூள் உதிர்க்கும் ஒன்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவர்களுக்கு இந்தப் பூச்சியை ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இறக்கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 9 முதல் 11 சென்டிமீட்டர் இருக்கும். முன்னிறக்கையில் பாசிப்பச்சை, இளம்பச்சை, ஆலிவ் பச்சை ஆகியவை அலையலையாகக் கலந்திருக்கும். அவற்றுக்கிடையே வெண்மையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கீற்றுகளாக ஓடும். உடல் தடித்து, வால்பக்கம் கூராக முடியும். பகலில் இலைகளுக்கிடையே இறக்கையை விரித்தபடி அசையாமல் ஒட்டியிருந்தால், நிழலும் வெயிலும் விழுந்த இலைக்கொத்து என்றே தோன்றும். நம் ஊர் இரவுப்பூச்சிகளில் இதுவே மிக அழகானது என்பது என் எண்ணம்.

இதை மதுரையின் பூச்சி என்று உரிமையோடு சொல்லலாம் என்றும் நினைக்கிறேன். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலும் பரவலாக வாழும் பூச்சிதான். ஆனால் அதன் புழு விரும்பித் தின்னும் செடிகளைப் பாருங்கள். முதலாவது அரளி: அம்மனுக்கும் முருகனுக்கும் செவ்வரளி மாலையாகப் போவது, நிலக்கோட்டைப் பக்கம் வயலில் பயிராகவே நிற்பது. இரண்டாவது நந்தியாவட்டை: கோயில் நந்தவனங்களிலும் வீட்டு வாசல்களிலும் காலைப் பூசைக்காக வைத்து வளர்ப்பது. மூன்றாவது நித்தியகல்யாணி: சுவரோரம், ரயில் பாதையோரம், யாரும் நடாமலே முளைத்துப் பூப்பது. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சந்தையும் கோயிலும் பூவை நம்பியிருக்கும் ஒரு வட்டாரத்தில், பூவுக்காக மனிதர் வளர்க்கும் செடிகளே இந்தப் பூச்சிக்குக் காடு. அழகர்மலைக்கோ சிறுமலைக்கோ போய்த் தேட வேண்டிய தேவையில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் சரக்கு அனுப்பும் தோட்டத்திலேயே இருக்கும்.

தாய்ப்பூச்சி இரவில் வந்து, கொழுந்து இலைகளின் மேலோ அடியிலோ ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். வெளிர்பச்சை நிறத்தில் கடுகளவு உருண்டை. நம் வெப்பத்தில் சில நாட்களிலேயே பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சுப்புழு 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான். மஞ்சள் நிறம், வால் நுனியில் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட மெல்லிய கருங்கொம்பு. தின்னத் தொடங்கியதும் பச்சையாகிவிடும். நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. அப்போது உடலின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு ஒன்று ஓட, அதன் மேலும் கீழும் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருக்கும். கொம்பு மட்டும் வளராமல், குட்டையாக மஞ்சள் நிறத்தில் வளைந்து நிற்கும்.

அந்தக் கொம்பு கொட்டுமோ என்று பயப்படாதவர்கள் குறைவு. கொட்டாது. அது மென்மையான சதைமுனை. அதில் விஷமும் இல்லை, ஊசியும் இல்லை. கம்பளிப்பூச்சிக்கு இருப்பதுபோல் அரிக்கும் மயிரும் இந்தப் புழுவுக்குக் கிடையாது. உண்மையில் புழு எதிரியை மிரட்டுவது முன்பக்கத்தால். தலையை அடுத்த பகுதியில் நீலமும் வெள்ளையுமாக, கரிய விளிம்போடு இரண்டு வட்டங்கள் உண்டு. சும்மா இருக்கும்போது தோல் மடிப்பில் பாதி மறைந்திருக்கும். தொட்டாலோ செடி அசைந்தாலோ புழு தலையை உள்ளிழுத்து முன்னுடலைப் புடைக்கச் செய்யும். வட்டங்கள் இரண்டும் முழுதாகத் திறந்து, சிறிய பாம்பு ஒன்று இலைக்கு நடுவிலிருந்து முறைப்பதுபோல் ஆகிவிடும். குருவியை ஒரு நொடி தயங்க வைக்க அது போதும். பூப்பறிப்பவர்கள் கையை உதறிப் பின்வாங்குவதும் அதனால்தான்.

தின்று முடித்த புழுவின் நிறம் மாறும். பச்சை மங்கி, முதுகுப்புறம் பழுப்பும் கருமையும் ஏறும். செடியை விட்டு இறங்கி, சருகுகளுக்கிடையே சில இழைகளால் தளர்ந்த கூடு ஒன்றைக் கட்டி, கூட்டுப்புழுவாகும். இளம்பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் கரும்புள்ளிகளோடு இருக்கும். வெப்பமான நாட்களில் இரண்டு வாரத்துக்குள் பூச்சி வெளிவந்துவிடும். முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறத்தாழ ஐந்தாறு வாரம். மண்ணில் ஆழமாகப் புதையாமல் சருகிலேயே தங்குவது இதன் பலவீனம். நந்தவனத்தை நாள்தோறும் பெருக்கிச் சருகைக் குவித்துக் கொளுத்தும் இடத்தில் புழு எத்தனை வளர்ந்தாலும் பூச்சி மிஞ்சாது.

இனி நஞ்சுக்கு வருவோம். அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின் முதலான பொருள்கள் உயிரணுக்களின் சவ்வில் உள்ள ஒரு பம்பை நிறுத்திவிடுகின்றன. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது அந்தப் பம்பின் வேலை. நரம்பில் சைகை ஓடுவதும் இதயம் ஒழுங்காகத் துடிப்பதும் அந்த ஏற்றத்தாழ்வைச் சார்ந்தவை. மனிதருக்கும் மாட்டுக்கும் பூச்சிக்கும் பம்பின் அடிப்படை ஒன்றுதான். எனவே அரளி தின்னும் பூச்சி ஏதாவது ஒரு வழியைக் கண்டிருக்க வேண்டும். எருக்கு வகைச் செடிகளைத் தின்னும் அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சி பம்பையே மாற்றிக்கொண்டது. நஞ்சு வந்து ஒட்டும் இடத்தில் அதன் புரத அமைப்பு வேறாகிவிட்டது. அரளிப் பருந்துப்பூச்சியும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் அதன் பம்பு மாறவேயில்லை. சோதனைக் குழாயில் எடுத்துப் பார்த்தால் நஞ்சுக்கு உடனே பணிந்துவிடுகிறது. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் கியோர்க் பெட்சென்கா, சுசானே டோப்ளர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. காப்பது நரம்புத் தண்டைச் சுற்றியுள்ள உறை. நீரில் கரையும் நஞ்சு அந்த உறையைத் தாண்டி உள்ளே கசிய முடிவதில்லை. கொழுப்பில் எளிதில் கரைந்து சவ்வுகளை ஊடுருவக்கூடிய நஞ்சை, உறையில் உள்ள கடத்திப் புரதங்கள் திரும்ப வெளியே தள்ளிவிடுகின்றன. நஞ்சு உடலுக்குள் வந்தாலும், பாதிக்கக்கூடிய இடத்தை எட்டுவதில்லை. ஒரே நஞ்சுக்கு இரண்டு பூச்சிகள் இரண்டு விதமாக விடை கண்டிருக்கின்றன என்பது எனக்கு ஓயாத வியப்பைத் தரும் செய்தி. நான்குவழிச் சாலையின் புழுதி படிந்த ஓர் அரளி இலையில் இது நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

புழுவின் பசிக்கு அரளி போதும். பூச்சியின் பசிக்குப் போதாது. அரளிப் பூவில் தேன் கிடையாது; நிறத்தையும் வடிவத்தையும் காட்டி, ஒன்றும் தராமல் பூச்சிகளை வரவழைக்கும் பூ அது. ஆகவே தாய்ப்பூச்சி அரளிக்கு வருவது முட்டை வைப்பதற்கு. தன் உணவுக்கு அது வேறு செடிகளைத் தேட வேண்டும். பொழுது சாய்ந்ததும் புறப்படும். புறப்படுமுன் இறக்கைத் தசைகளை நடுங்கவிட்டு உடலைச் சூடேற்றிக்கொள்ளும். பருந்து அந்துப்பூச்சிகள் பறக்கையில் மார்புத் தசை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். பிறகு பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி, சுருட்டி வைத்திருக்கும் நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் எடுக்கும். பூவின்மேல் உட்காருவதில்லை. இத்தனை இருட்டில் பூவை எப்படிக் காண்கிறது? மணம் வழிகாட்டுகிறது, கண்ணும் உதவுகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அல்முட் கெல்பர் குழுவினர் இதன் ஐரோப்பிய உறவினம் ஒன்றை ஆராய்ந்து, விண்மீன் வெளிச்சத்திலேயே அது நிறம் பிரித்தறிகிறது என்று 2002இல் காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறமே தெரியாது.

இரவில் விரியும் வெள்ளைப்பூ, குழல் போன்ற அடிப்பகுதி, தொலைவுக்கு எட்டும் மணம்: இந்த மூன்றும் பருந்துப்பூச்சிகள் நாடும் பூக்களின் அடையாளங்கள். மதுரையில் இவற்றைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவு வருவது மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்த அடையாளங்கள் அத்தனையும் கொண்டது. ஆனால் மல்லித் தோட்டத்தில் பூ விரிவதே இல்லை. அவனியாபுரத்திலும் வலையங்குளத்திலும் விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். அன்று மாலை விரியவேண்டிய மொட்டு, காலையில் சந்தைக்குப் போய், மாலையில் கூந்தலிலோ சாமி படத்திலோ விரிகிறது. மகரந்தச் சேர்க்கை நடக்காததால் உழவருக்கு இழப்பு எதுவும் இல்லை. மல்லி பதியன் குச்சியில்தான் பெருகுகிறது, அதற்குத் தங்கச்சிமடத்துக் குச்சி வருகிறது. பூச்சிக்குத்தான் அந்தப் பரந்த தோட்டம் முழுவதும் மூடிய கதவு. பறிப்புக்குத் தப்பிய சில பூக்களும் விலை விழுந்த நாளில் பறிக்காமல் விடும் வரிசைகளுமே அதற்கு மிச்சம்.

எனவே பூச்சியை வாழவைப்பவை சந்தைக்குப் போகாத பூக்கள். பழைய தெருக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் உயர்ந்து நிற்கும் மரமல்லி, மாலை நான்கு மணிக்குமேல் விரியத் தொடங்கும் அந்திமந்தாரை, பவளமல்லி, வேலியில் படரும் ஆதொண்டை. பப்பாளியும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக நிற்கும் நாட்டுப் பப்பாளியில் ஆண் பூவில் தேன் உண்டு, பெண் பூவில் இல்லை. இருட்டில் ஆண் பூவென்று எண்ணிப் பெண் பூவுக்கும் வந்துபோகும் பருந்து அந்துப்பூச்சிகளால் காய் பிடிக்கிறது. கொல்லைப்புறத்துப் பப்பாளி காய்ப்பதற்குக் காரணமானவர்களை வீட்டுக்காரர் ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார். ஓர் இடத்தில் இந்தப் பூச்சி நிலைக்க வேண்டுமானால் அரளியோ நந்தியாவட்டையோ மட்டும் இருந்தால் போதாது, இரவில் தேன் தரும் பூவும் பறக்கும் தொலைவில் இருக்க வேண்டும். புதுக் குடியிருப்புகளில் சாலையோர மரம் என்று எதையாவது நடுபவர்கள் மரமல்லியை நினைத்துக்கொள்ளலாம்.

சாலைத் தடுப்பு அரளியைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒருபுறம், முட்டை வைக்க ஏற்ற செடி ஊர்விட்டு ஊர் அறுபடாமல் நீள்கிறது. இதைப்போல் ஒரு வரிசையை எந்தக் காடும் தரமுடியாது. மறுபுறம், வளர்ந்த புழு கூடு கட்ட இறங்கும் இடத்தில் சருகு மெத்தை இல்லை. தடுப்பை விட்டு நகர்ந்தால் தார்ச்சாலை. கூட்டுக்குத் தப்பிப் பூச்சியாகி எழுந்தால் முகப்பு விளக்கு. உயர்கோபுர விளக்குகளைச் சுற்றிச் சுழன்று சோர்ந்து விழும் பருந்துப்பூச்சிகளைச் சுங்கச்சாவடிகளில் காலை நேரத்தில் பார்க்கலாம். ஊருக்குள் இருக்கும் ஒரு சிறு நந்தவனம், பெருக்காத ஒரு மூலையோடு இருந்தால், சாலையைவிட மேலான வீடு.

எதிரிகளும் நிறைய. முட்டைக்குள் முட்டையிடும் நுண்குளவிகள், புழுவின் உடலில் முட்டை ஒட்டிப்போகும் ஈக்கள், செம்போத்து, மைனா. இரவில் வௌவால். வௌவாலைச் சொன்னால் கீழக்குயில்குடிச் சமணர் மலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன் தம் மாணவர்களோடு அந்தப் பக்கத்துக் குகைகளில் வாழும் பூச்சியுண்ணி வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளிச்சம் எட்டாத குகைக்குள் தனிக்கூண்டில் வைத்த வௌவால்கூட, கூட்டம் மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்புவதை உணர்ந்து தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. அந்தி நேரத்து மதுரை வானம் உலக அறிவியலுக்கு ஏற்கெனவே ஒரு பாடம் தந்திருக்கிறது. அதே அந்தியில் எதிர்ப்பக்கம் பறக்கும் பூச்சிகளையும் இங்கே யாராவது அந்தப் பொறுமையோடு கவனிக்க வேண்டும்.

பறக்கும் வலிமையில் இந்தப் பூச்சி சாதாரணமானதல்ல. கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகிறது. சில ஆண்டுகளில் பிரிட்டன் வரை எட்டுகிறது. அங்கே முட்டை வைத்தாலும் உறைபனிக் குளிரை அதன் கூட்டுப்புழு தாங்காது. மனிதர் அரளியை எடுத்துச் சென்ற இடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் 1974இல் முதன்முதலாகக் காணப்பட்டது. மதுரைக்கு உறைபனி இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். மழைக்குப்பின் அரளியும் நந்தியாவட்டையும் கொழுந்து விடும்போது புழுவைத் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அண்மைக் காலத்தில் இந்தப் புழுவைப் பலர் முதன்முறையாகச் சந்திப்பது மாடித்தோட்டத்தில். தொட்டியில் அடீனியம் வளர்ப்பவர்கள் ஒருநாள் காலையில் செடி இலையின்றி நிற்பதைக் கண்டு திகைக்கிறார்கள். அடீனியமும் அரளிக் குடும்பமே. நர்சரியிலிருந்து வரும் செடியில் முட்டை ஒட்டியே வந்திருக்கலாம். இரவில் பூச்சி தானாக வந்தும் வைத்திருக்கலாம். உடனே மருந்து அடிப்பதுதான் வழக்கம். வேண்டியதில்லை என்பேன். ஓரிரு புழுக்களைக் கையாலேயே எடுத்து, அருகில் பூவுக்காக அல்லாமல் வேலிக்காக நிற்கும் அரளியிலோ காட்டு நித்தியகல்யாணியிலோ விட்டுவிடலாம். அடீனியம் மீண்டும் இலை விடும். வயலில் அரளி பயிரிடும் உழவருக்கு இது வேறு கணக்கு. இளஞ்செடியில் பல புழுக்கள் ஏறினால் பூ குறையும், அவர் கவலை நியாயமானது. அங்கும் காலையில் எச்சம் கிடக்கும் செடிகளை மட்டும் பார்த்துப் பொறுக்கிவிட்டால் வயல் முழுவதும் மருந்து தெளிக்கும் செலவு மிச்சமாகும். முட்டையைத் தேடி வரும் நுண்குளவிகளும் சாகாமல் இருக்கும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு புழு வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதி கடைசிப் பருவத்துச் சில நாட்களில்தான் உள்ளே போகிறது. சிறு கருங்கொம்புப் புழுவாக இருக்கையிலேயே கண்டு அகற்றினால் செடிக்குச் சேதம் இல்லை. முதுகு பழுப்பேறிய புழு செடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தால், அது இனி ஓர் இலையும் தின்னாது. அதைக் கொல்வதால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை. தொட்டி அடியில் கொஞ்சம் காய்ந்த சருகைப் போட்டுவிட்டால் அங்கேயே கூடு கட்டிக்கொள்ளும்.